தலைமடையும் கடைமடையும்: சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர் பற்றி எங்கள் ஊரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊருக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். பெயர்ப்பலகை மாறியது. பேச்சில் இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், நடுநடுவே வெள்ளீயம் தோண்டி எடுத்த பழைய ஈயக்குட்டைகள், ஓரமாகச் சிலாங்கூர் ஆறு. மலேசியாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமாக 1917இல் நடப்பட்ட தென்னமரம் தோட்டமும் இங்கேதான் இருக்கிறது. செம்பனைக்குப் பேர்போன தோட்டத்துக்குத் தென்னைமரத்தின் பெயர் எப்படி வாய்த்தது என்பது தனிக் கதை.

கோலாலம்பூரும் சுற்றுவட்டாரமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு குடிக்கும் தண்ணீரில் பாதிக்குமேல் இந்த ஒரே ஆற்றிலிருந்து போகிறது. குடியிருப்போர் சங்கத்தில் தண்ணீர் விவகாரத்தைக் கவனிக்கும் வேலை என் தலையில் விழுந்ததிலிருந்து காப்பிக் கடையில் உட்கார்ந்தால் கேள்வி, கோயில் வாசலில் செருப்பைக் கழற்றினால் கேள்வி. திரும்பத் திரும்ப வருகிறவற்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

அணை நிரம்பி வழிகிறது என்று செய்தியில் சொல்கிறார்கள். அதே வாரம் என் வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறது. யார் பொய் சொல்கிறார்கள்?

யாரும் பொய் சொல்லவில்லை. அணைக்கும் உங்கள் குழாய்க்கும் நேரடித் தொடர்பு இல்லை. இதை நம்ப மறுப்பவர்களே அதிகம். கோலக் குபு பாருவுக்கு மேலே உள்ள சிலாங்கூர் ஆற்று அணையில் சுமார் 230 மில்லியன் கன மீட்டர் தண்ணீரைத் தேக்கலாம். அந்தத் தண்ணீரைக் குழாயில் அனுப்புவதில்லை, திறந்து ஆற்றிலேயே விடுகிறார்கள். அது கெர்லிங், பத்தாங் காலி, செரண்டா பக்கத்துக் கிளையாறுகளையும் சேர்த்துக்கொண்டு, ஊர் ஊராகத் தொழிற்பேட்டை தொழிற்பேட்டையாகக் கடந்து வந்து சேரும் இடத்தில்தான், ரந்தாவ் பாஞ்சாங்கிலும் நம் ஊர்ப் பக்கத்திலும், இறைத்துச் சுத்திகரிக்கிறார்கள்.

வயல் வைத்திருந்த நம் பாட்டன்மாருக்கு இது புதிதாக இருந்திருக்காது. தலைமடையில் எவ்வளவு நல்ல தண்ணீர் திறந்துவிட்டாலும், நடுவில் ஒருவன் சாணியைக் கரைத்தால் கடைமடைக்காரனுக்கு வருவது சாணித் தண்ணீர்தான். அணை தலைமடை. நாம் கடைமடை. மேலே குறைந்தாலும் துன்பம், நடுவில் கெட்டாலும் துன்பம். 2014இல் மழை பொய்த்து அணையின் நீர் 40 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கியபோது முறை வைத்துத் தண்ணீர் விட்டார்களே, அது முதல் வகை. 2020இல் நடந்தது இரண்டாம் வகை.

2020இல் என்னதான் நடந்தது? ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள்.

செப்டம்பர் 3ஆம் தேதி. ரவாங் பக்கத்துத் தொழிற்பேட்டையிலிருந்து வந்த கழிவு, கோங் ஆற்றில் கலந்தது. பெயர்தான் ஆறு, பார்த்தால் ஓடை. கோங் ஆறு செம்பா ஆற்றில் விழுகிறது, செம்பா ஆறு சிலாங்கூர் ஆற்றில் விழுகிறது. கரைப்பான் (தின்னர் போன்ற இரசாயனம்) வாடை நீரேற்று முனைவரை வந்ததும் நான்கு சுத்திகரிப்பு நிலையங்களையும் நிறுத்தினார்கள். 1.2 மில்லியன் கணக்குகளுக்கு மேல் தண்ணீர் நின்றுபோயிற்று. கணக்கு என்றால் ஒரு வீடு அல்லது ஒரு கடை; தலைகளை எண்ணினால் இன்னும் பல மடங்கு. கோவிட் காலம் வேறு. கையைக் கழுவுங்கள், கையைக் கழுவுங்கள் என்று வானொலி ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தது.

சுத்திகரிப்பு நிலையத்துக்குப் பக்கத்தில் குடியிருக்கும் நாமும் லாரித் தண்ணீருக்கு வரிசையில் நின்றோம். எனக்கு முன்னால் நின்ற பாட்டி, பரணிலிருந்து பழைய பால் வாளியை எடுத்து வந்திருந்தார். ரப்பர் மரத்துப் பால் சேகரித்த காலத்து வாளி. கைப்பிடியில் சுற்றிய சைக்கிள் டியூப் அப்படியே இருந்தது. "இதிலா குடிதண்ணீர் பிடிக்கப் போகிறீர்கள்?" என்று லாரிக்காரத் தம்பி தயங்கினான். "இருபத்தாறு வருடம் இதில்தான் சோறு சம்பாதித்தேன், நீ ஊற்று" என்றார்.

சுத்திகரிப்பு நிலையம் எதற்கு இருக்கிறது? அழுக்குத் தண்ணீரைச் சுத்தம் செய்வதற்குத்தானே? ஏன் நிறுத்தினார்கள்?

இந்தப் பக்கத்தில் ஒரு கேள்வியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளோடு ஒரு நிலையத்தின் ஆய்வுக்கூடத்தைப் பார்க்கப் போயிருந்தேன். மேசையில் ஆறு கண்ணாடிக் குவளைகள். எல்லாவற்றிலும் ஆற்றுத் தண்ணீர், பால் ஊற்றிய தேநீரின் நிறத்தில். ஒவ்வொரு குவளையிலும் வெவ்வேறு அளவு படிகாரக் கரைசல். மேலிருந்து சிறு துடுப்புகள் இறங்கி, முதலில் வேகமாகவும் பிறகு சோம்பலாகவும் சுழன்றன. சிறிது நேரத்தில் மூன்றாவது குவளையில் பஞ்சு பஞ்சாக ஏதோ திரண்டது. துடுப்பு நின்றதும் அத்தனையும் அடியில் உட்கார்ந்தது. மேலே தெளிந்த நீர். அந்தக் குவளைக்கு எவ்வளவு படிகாரம் போட்டார்களோ, அந்தக் கணக்கில்தான் அன்றைக்கு நிலையம் முழுவதும் போடுவார்கள். ரப்பர் பாலில் எசிட் (அமிலம்) ஊற்றி உறைய வைத்துப் பிழைத்த குடும்பங்களுக்கு இதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

திரட்டி, படியவைத்து, மணலில் வடிகட்டி, குளோரின் சேர்ப்பது: நிலையத்தின் வேலை பெரும்பாலும் இவ்வளவுதான். சேறு போகும். கிருமி சாகும். ஆனால் கரைப்பான் என்பது தண்ணீரோடு தண்ணீராகக் கலந்து நிற்பது. படிகாரத்துக்கு அது பிடிபடாது, மணலில் சிக்காது. கொஞ்சமாக இருந்தால் வாடையை உறிஞ்சும் கரித்தூளைப் போட்டுச் சமாளிப்பார்கள். அதிகமானால் இறைப்பதை நிறுத்திவிட்டு, ஆறு தன்னைத் தானே கழுவிக்கொள்ளும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அணையிலிருந்து கூடுதலாகத் தண்ணீர் திறந்துவிடுவதும் அதற்காகத்தான்.

ஆகவே, ஆற்றில் மிதக்கும் பிளாஸ்டிக் புட்டி ஒரு நிலையத்தை நிறுத்துவது அரிது. கம்பி வலையிலேயே மாட்டிக்கொள்ளும். கண்ணுக்குத் தெரியாததுதான் நிறுத்துகிறது. ஆண்டுக்கொரு முறை ஒரே நிறச் சட்டை அணிந்து குப்பை பொறுக்கிப் படம் எடுத்துக்கொள்கிறோம். நானும் அந்தப் படங்களில் நிற்கிறேன். தப்பில்லை, ஆனால் அதை ஆற்றுப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

நிலையம் மறுபடி ஓட ஆரம்பித்துவிட்டது என்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் மூன்று நாள் கழித்து வருகிறது, அதுவும் செம்மண் நிறத்தில்?

நிலையம் நின்றபோது வழியிலுள்ள தொட்டிகளும் குழாய்களும் காலியாகிவிட்டன. முதலில் அவை நிரம்ப வேண்டும். மேட்டிலும் கடைசியிலும் இருப்பவர்களுக்கு அழுத்தம் கடைசியாகத்தான் வரும். காலிக் குழாயில் தண்ணீர் வேகமாகப் பாயும்போது உள்ளே படிந்திருந்த துருவும் வண்டலும் கிளம்பும். தெளியும்வரை வெளிக் குழாயைத் திறந்துவிட்டு, அந்தத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். துணியை மட்டும் அன்று துவைக்க வேண்டாம். என் வெள்ளை வேட்டி போன கதையை என் மனைவியிடம் கேட்டால் சொல்வார்.

அமோனியா, அமோனியா என்கிறார்களே, ரப்பர் பால் உறையாமல் இருக்க ஊற்றுவோமே, அதே அமோனியாவா?

அதேதான். இதைக் கேட்டவர் முப்பது ஆண்டுகள் பால் வெட்டிய பெரியவர். ஆற்றுக்கு அது வேறு வழிகளில் வருகிறது: மலக்கழிவு, மாட்டுக் கொட்டகை, கோழிப்பண்ணை, யூரியா உரம், குப்பை மேட்டிலிருந்து கசியும் நீர்.

சுத்திகரிக்க எடுக்கும் ஆற்று நீரில் அமோனியா லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது நம் சுகாதார அமைச்சின் அளவுகோல். இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் குளோரின். கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின், அமோனியாவைக் கண்டால் முதலில் அதனோடு போய்ச் சேர்ந்துவிடும். ஒரு மில்லிகிராம் அமோனியாவைத் தீர்க்க எட்டு, பத்து மில்லிகிராம் குளோரின் செலவாகும். அமோனியா ஏற ஏற, குளோரினை ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு கட்டத்துக்கு மேல் முடியாது. லங்காட் ஆற்றுப் பக்கத்து நிலையங்கள் அமோனியாவால் நின்றதற்கு இதுவே காரணம்.

கொதிக்க வைத்தால் போதாதா? வாசலில் பெரிய வடிகட்டியும் வைத்திருக்கிறேன்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும். கரைப்பான் முழுவதும் போய்விடும் என்று நம்ப முடியாது. உலோகத்துக்கும் பல பூச்சிமருந்துகளுக்கும் கொதி ஒரு பொருட்டல்ல. தண்ணீர் ஆவியாகிக் குறைந்தால் உலோகத்தின் அடர்த்தி கொஞ்சம் ஏறவும் செய்யும். வாசல் வடிகட்டி வண்டலைப் பிடிக்கும். அதைச் சொன்னபடி கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அழுக்குக் கிடங்கு. கரி வைத்த வடிகட்டி குளோரினையும் எடுத்துவிடும். அப்படி வடித்த தண்ணீரைக் குடத்தில் நாள்கணக்கில் வைக்காதீர்கள். விலை சொல்ல வரும் விற்பனையாளர் இதையெல்லாம் சொல்வதில்லை.

குற்றம் எல்லாம் தொழிற்பேட்டை மீதுதானா? நம் தோட்டத்து ஆலை யோக்கியமா?

நியாயமான கேள்வி. ஒரு காலத்தில் இந்த நாட்டின் ஆறுகளை அதிகம் கெடுத்தவை ரப்பர் ஆலைகளும் செம்பனை ஆலைகளும்தாம். ஒரு டன் செம்பனை எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரை டன் கழிவுநீர் வெளியே வரும். சூடாக, பழுப்பாக, எண்ணெய்ப் பிசுக்கோடு. நஞ்சு என்று சொல்ல முடியாது, ஆனால் அதைத் தின்று தீர்க்க நுண்ணுயிர்கள் ஆற்றிலுள்ள ஆக்சிஜன் முழுவதையும் இழுத்துவிடும். மீன் மூச்சு முட்டிச் செத்து மிதக்கும். இந்த ஆக்சிஜன் தேவையை அளந்தால், ஆலைக் கழிவு லிட்டருக்கு 25,000 மில்லிகிராம் அளவில் நிற்கும். வீட்டுச் சாக்கடையைவிட ஏறத்தாழ நூறு மடங்கு.

1974இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977இல் செம்பனை ஆலைகளுக்கும் மறு ஆண்டு ரப்பர் ஆலைகளுக்கும் தனி விதிகள் வந்தன. ஆலைகளுக்குப் பின்னால் வரிசையாகக் குட்டைகள் தோண்டியது அதற்குப் பிறகுதான். ஆற்றில் விடும்போது அந்த 25,000, 100க்கு இறங்கியிருக்க வேண்டும். குட்டைகள் ஒழுங்காக இருந்தால் இறங்கும். அடியில் சேறு ஏறிப்போய்த் தூர் வாராமல் விட்டால், பெருமழை நாளில் கரை வழியும். உங்கள் தோட்டத்தில் குட்டை வழிவதைப் பார்த்தால் அது "மழைத் தண்ணீர்தான்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். நிறமும் எண்ணெய்ப் படலமும் உண்மையைச் சொல்லிவிடும்.

மருந்தடிக்கும் வேலை செய்கிறேன். பம்பை எங்கே கழுவுவது?

ஓடையில் மட்டும் வேண்டாம், அக்கா. பம்பில் மிச்சமிருப்பதை இன்னும் தண்ணீர் ஊற்றி நீர்க்கச் செய்து, அடித்த இடத்திலேயே அடித்துத் தீர்த்துவிடுங்கள். கழுவிய நீரும் அப்படியே. ஓடைக் கரையில் அடிக்கச் சொன்னால் கூடாது என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. சொல்வது எளிதல்ல என்பதும் தெரியும். பாராகுவாட் என்ற களைக்கொல்லி 2020 ஜனவரி முதல் இந்த நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது. பழைய டப்பா எங்காவது ஸ்டோரின் மூலையில் கிடந்தால், அதில் மண்ணெண்ணெய் பிடித்து வைக்கும் நம் வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும்.

உரத்துக்கும் ஒரு வார்த்தை. மழை கறுத்து நிற்கும்போது யூரியா போட்டால் பாதி மரத்துக்கு, பாதி ஆற்றுக்கு. அணை, குட்டை போன்ற தேங்கிய நீரில் அது போய்ச் சேர்ந்தால் பாசி பெருகும்.

ஆற்றோரத்தில் கொஞ்சம் மரவள்ளியும் வாழையும் போட்டிருக்கிறேன். அதுகூடத் தப்பா?

நாலு வாழையால் ஆறு சாகாது. ஆனால் மரவள்ளி பிடுங்கும்போது மண்ணையும் சேர்த்துப் பிடுங்குகிறோம். கரையை ஒட்டி மரவள்ளி, அதற்கு உரம், பிறகு மழை. அந்த மண் எங்கே போகும்? படிகாரக் குவளையை நினைத்துப் பாருங்கள்.

வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் வழிகாட்டலில், ஆற்றின் அகலத்தைப் பொறுத்துக் கரையில் விடவேண்டிய ஒதுக்குநிலம் இருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர். 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர். அதில் புல்லும் புதரும் காட்டு மரமும் கிடக்கட்டும். அந்தப் புதர்தான் வண்டலையும் உரத்தையும் நிறுத்துகிறது. செம்பனையை இருபத்தைந்து ஆண்டுக்கு ஒருமுறை வெட்டி மறுநடவு செய்யும்போது, தண்ணீர் வரை மொட்டையடிக்காமல் இந்த ஒதுக்கை விட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். வாழை போட்ட கிழவனைப் பிடிப்பது சுலபம், மொட்டையடித்த தோட்டத்தைப் பிடிப்பது கடினம் என்பதும் நம் அனுபவம்.

மாடு தண்ணீர் குடிக்க ஆற்றில் இறங்குவதையுமா தடுப்பீர்கள்?

தடுக்க நான் யார்? ஆனால் கொட்டகையை ஓடைக்கு மேல் கட்டி, காலையில் சாணியைத் தண்ணீர் அடித்து ஓடையில் தள்ளுவதை நிறுத்தலாம். கன்றுச் சாணத்தில் கிரிப்டோஸ்போரிடியம் என்று ஒரு நுண்ணுயிரி வரும், குளோரினுக்கு அசராது. சாணியைக் குவித்து வையுங்கள், காய்கறித் தோட்டக்காரர் வந்து எடுத்துக்கொள்வார்.

கரும காரியம், கரகம், சிலை கரைப்பது எல்லாம் ஆற்றில்தானே? மதத்தில் கை வைக்காதீர்கள்.

கை வைக்கவில்லை. கரகம் பாலிக்க ஆற்றங்கரைக்குப் போகாத தோட்டத்துத் திருவிழா ஏது? அஸ்தியால் ஆற்றுக்குப் பெரிய கேடு இல்லை. சாம்பல் கரைந்து போகும். கேடு அதோடு கூட வருவதில் இருக்கிறது. போன மாதம் பாலத்தடியில் நான் பார்த்தவை: பிளாஸ்டிக் தாம்பாளம், ஊதுபத்திக் கூடுகள், கண்ணாடி உடைந்த சாமிப் படம், இறந்தவரின் மெத்தை, தலையணை. மெத்தையை ஆற்றில் விடச் சொல்லி எந்தச் சாஸ்திரத்தில் இருக்கிறது என்று எங்கள் பூசாரியிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, அடுத்த கருமாதியிலிருந்து மெத்தையை நகராண்மைக் கழக லாரிக்குத் தருமாறு சொல்ல ஆரம்பித்தார். பூவையும் இலையையும் தென்னை அடியில் போடுங்கள். சிலை செய்தால் களிமண்ணில், சாயம் பூசாமல்.

முறுக்குச் சுட்ட எண்ணெய்?

சாக்கடையில் ஊற்றாதீர்கள். டின்னில் சேர்த்தால் காசு கொடுத்து வாங்கிப் போக ஆள் இருக்கிறது. தீபாவளிக்கு மறுநாள் இதை எல்லோரும் மறந்துவிடுகிறோம்.

பழைய ஈயக்குட்டையில் அவ்வளவு தண்ணீர் கிடக்கிறதே, அதை எடுத்தால் என்ன?

எடுத்திருக்கிறார்கள். 2014 வறட்சியில் குட்டைத் தண்ணீரை ஆற்றுக்குப் பாய்ச்சினார்கள். மழை நாளில் ஆற்று நீரைக் குட்டைகளில் தேக்கி வைத்து, ஆறு கெடும்போது அதை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடும் நம் பக்கத்தில் உண்டு. எனக்கு அது புத்திசாலித்தனமாகவே படுகிறது. ஒரே கவலை, ஈயம் எடுத்த குட்டையின் அடிச்சேற்றில் ஆர்செனிக் போன்றவை தங்கியிருக்கக் கூடும். சேற்றைக் கலக்காமல், சோதித்து எடுக்க வேண்டும். ஆகவே குட்டை ஓரத்தில் லாரி லாரியாகக் குப்பை கொட்டுவது "சும்மா கிடக்கும் குழியை நிரப்புவது" ஆகாது; நாளைக்குக் குடிக்கப்போகும் தொட்டியில் கொட்டுவதுதான்.

பிடித்தால் என்ன தண்டனை? ஐயாயிரம் வெள்ளி (ரிங்கிட்) கட்டிவிட்டுப் போய்விடுவார்கள்தானே?

அந்தக் காலம் மாறிவிட்டது, குறைந்தது காகிதத்தில். 2020 சம்பவத்துக்குப் பிறகு சிலாங்கூர் சட்டமன்றம், லுவாஸ் எனப்படும் மாநில நீர் நிர்வாக வாரியத்தின் சட்டத்தைத் திருத்தி, நீர்நிலையைக் கெடுப்பவருக்குக் குறைந்தது 200,000 வெள்ளி, அதிகபட்சம் 1 மில்லியன் வெள்ளி அபராதமும் மூன்று ஆண்டுவரை சிறையும் வைத்தது. மத்திய அரசின் சுற்றுச்சூழல் தரச் சட்டம் 2024 ஜூலையில் கடுமையானது. உச்ச அபராதம் 10 மில்லியன் வெள்ளி. பிடிபட வேண்டும், மாதிரி சரியாக எடுக்கப்பட வேண்டும், வழக்கு நிற்க வேண்டும். இரவில் மழையோடு மழையாகத் திறந்துவிட்டால் காலையில் ஆற்றில் சான்று இருக்காது.

அப்படியென்றால் புகார் கொடுத்து என்ன பயன்? யாருக்குக் கொடுப்பது?

சுற்றுச்சூழல் இலாகாவின் இலவச எண் 1-800-88-2727. தண்ணீர் விநியோகிக்கும் ஆயர் சிலாங்கூர் நிறுவனம் 15300. நேரம், இடம், வாடை எப்படி இருந்தது, நுரையா நிறமா, எந்தக் கால்வாயிலிருந்து வந்தது: இவற்றைக் குறித்துக்கொண்டு அழையுங்கள். படம் எடுங்கள். லாரி நின்றால் தூரத்திலிருந்தே எண்ணைக் குறியுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம், தண்ணீரில் கை வைக்கவும் வேண்டாம். வாடை அடிக்கிறது என்று மட்டும் சொன்னால் எங்கே வந்து தேடுவார்கள்?

ஒருநாள் இரவு பதினொன்றரைக்கு வேலை முடிந்து வந்த பக்கத்து வீட்டுத் தம்பி, பாலத்தில் சாயத் தின்னர் வாடை அடிக்கிறது, அண்ணே, என்று கதவைத் தட்டினான். போய்ப் பார்த்தோம். தண்ணீர் வழக்கம் போலத்தான் இருந்தது, மூக்கு மட்டும் எரிந்தது. அழைத்தோம். முதல் இடத்தில் காலையில் கூப்பிடச் சொன்னார்கள். இரண்டாவது இடத்திலிருந்து ஒன்றே கால் மணிக்கு ஒரு இளைஞர் மோட்டார் சைக்கிளில் வந்தார், முதுகுப் பையில் நான்கு கண்ணாடிப் புட்டிகள். கயிற்றில் வாளியைக் கட்டிப் பாலத்திலிருந்து இறக்கி, புட்டியில் காற்று நிற்காமல் விளிம்புவரை நிரப்பி மூடினார். காற்று இருந்தால் வாடை அதில் ஏறிப் போய்விடுமாம். புட்டியின் மேல் நேரத்தை எழுதும்போது எங்களிடம் கேட்டார், "முதலில் எத்தனை மணிக்கு மூக்கில் பட்டது?" தம்பி கைப்பேசியைப் பார்த்துச் சொன்னான்: 11.24. வீட்டுக்கு வரும் வழியில் அந்த நேரத்தைத் தனக்குத் தானே செய்தி அனுப்பி வைத்திருந்தான்.